அம்மாச்சியின் காப்பி மிஷினும் ஜீப் வைப்பர் மோட்டாரும்: வீட்டிலேயே ஒரு மிளகு அரவை மிஷின்

போன தை மாசம் கேரள எல்லையில், குமுளியில் இருக்கும் மாமனார் வீட்டிலிருந்து நாலு கிலோ மிளகு வந்தது. கொடியிலிருந்து பறித்து, உதிர்த்து, முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்த மிளகு. அங்கே குருமுளகு என்பார்கள், லோயர் கேம்ப் இறங்கி கம்பம் வந்துவிட்டால் வெறும் மிளகு. பச்சையாக மூணு கிலோ பறித்தால் காய்ந்து ஒரு கிலோ தேறும், அப்படிப் பார்த்தால் பன்னிரண்டு கிலோ பச்சை மிளகு. சும்மா வந்ததுதான், ஆனால் அதை மிக்ஸியில் போட்டுக் கெடுக்க மனசு வரவில்லை.

ஏன் கெடுப்பது என்கிறேன் என்றால், மிளகில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. காரம் பிப்பரின் என்ற பொருளில் இருக்கிறது, அது எளிதில் ஆவியாகாது, எப்படி அரைத்தாலும் தூளில் தங்கும். வாசம் எண்ணெயில் இருக்கிறது. நல்ல மிளகில் அந்த எண்ணெய் நூற்றுக்கு இரண்டு முதல் நாலு பங்கு, கொஞ்சம் சூடு பட்டாலே கிளம்பிவிடும். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்று ஓடுகிற சாதி. ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு ஜாரைத் தொட்டுப் பாருங்கள், கை சுடும். மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கிறதே ஒரு வாசம், ‘ஆகா’ என்கிறோமே, அது தூளில் இருக்க வேண்டிய வாசம், அடுக்களையைச் சுற்றிவிட்டு ஜன்னல் வழியாகப் போய்விடும். பெரிய மசாலா கம்பெனிகளில் இதற்காகவே திரவ நைட்ரஜன் விட்டுக் குளிரவைத்து அரைக்கும் முறை கூட இருக்கிறது. நமக்கு நைட்ரஜன் வேண்டாம், மெதுவாகச் சுற்றினால் போதும்.

மாவு மில்லுக்குக் கொண்டு போகலாமே என்பீர்கள். எனக்கு முன்னால் ஒருவர் மிளகாய் அரைத்திருந்தார், என் மிளகுத்தூள் சிவப்பாக வீட்டுக்கு வந்தது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போதுதான் பரணில் கிடந்த அம்மாச்சியின் காப்பிக்கொட்டை மிஷின் ஞாபகம் வந்தது. வார்ப்பிரும்பு, மேலே புனல், பக்கத்தில் கைப்பிடி, மேசை ஓரத்தில் திருகி மாட்டுகிற பழைய சாமான். மிளகை அற்புதமாக அரைக்கிறது, ஆனால் கால் கிலோவுக்குள் தோள்பட்டை கழன்றுவிடும். கை எவ்வளவு வேகத்தில் சுற்றுமோ, அதாவது நிமிடத்துக்கு 40, 50 சுற்று, அதே வேகத்தில் ஒரு மோட்டார் சுற்றிக் கொடுத்தால் போதும் என்று தோன்றியது. அந்த வேகத்தில், அதுவும் நல்ல பலத்தோடு சுற்றுகிற மோட்டார் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு ஓடிக்கொண்டிருக்கிறது: ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பின் வைப்பர் மோட்டார்.

என்னென்ன வேண்டும்

காப்பி மிஷின் வீட்டில் இல்லாவிட்டால் பாத்திரக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடைக்கும். உள்ளே பல் தேயாமல் இருக்கிறதா, அச்சு ஆடாமல் சுற்றுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெளியே பெயின்ட் உரிந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே பெயின்ட் அடித்திருந்தால் வேண்டாம்.

வைப்பர் மோட்டார் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், கார் அல்லது ஜீப்பினுடையது. லாரியில் வருவது பெரும்பாலும் 24 வோல்ட், அதைத் தொடாதீர்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும், மலை ஏறினால் அதே கடைக்கு ஆக்ரிக்கடை என்று பெயர். வாங்கும்போது அதிலிருக்கும் சின்ன இரும்புக் கையையும் மூன்று ரப்பர் புஷ்களையும் சேர்த்து வாங்குங்கள். கையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுவார்கள், நமக்கோ அதுதான் பாதி வேலை.

மின்சாரத்துக்குப் பழைய கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் பெட்டி, அதாவது வீட்டுக் கரண்ட்டைக் குறைந்த வோல்ட்டாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற பெட்டி. அதன் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும், 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மோட்டார் வெறுமனே ஓடும்போது இரண்டு மூன்று ஆம்பியர்தான் எடுக்கும், மிளகு அரைபடும்போது ஐந்து ஆறு, சிக்கிக்கொண்டால் பதினைந்தையும் தாண்டும்.

அப்புறம் 18 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று, இரண்டடிக்கு ஒரு அடி. அலமாரிக்குப் போடுகிற துளை ஆங்கிள் இரண்டு துண்டு, நட்டு போல்ட்டு, பழைய சைக்கிள் டியூப், காலிங் பெல் ஸ்விட்ச் ஒன்று, காரில் போடுகிற 10 ஆம்பியர் ஃபியூஸ் அதன் கூட்டோடு, இண்டிகேட்டர் பல்பு ஒன்று, ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஒரு துண்டு மூங்கில். மூங்கில் எதற்கு என்று பிறகு சொல்கிறேன், எனக்கே அது பிறகுதான் தெரிந்தது.

மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது?

இதைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. எல்லாம் மாட்டி முடித்து ஓடவிட்டேன், மிஷின் ஜோராகச் சுற்றியது, கீழே ஒரு பொட்டுத் தூள் விழவில்லை. பின்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. உள்ளே இருக்கும் திருகு மிளகைப் பல்லுக்குத் தள்ளாமல் மேலே தள்ளிக்கொண்டிருந்தது, போதாக்குறைக்கு அளவு வைக்கும் நட்டையும் கழற்றிவிட்டது. ‘மிஷின் ஓடுது, ஆனா வாந்தி எடுக்குது’ என்று வீட்டில் சொன்னார்கள்.

கைப்பிடிப் பக்கம் நின்று பார்த்தால் காப்பி மிஷின் கடிகார முள் திசையில் சுற்ற வேண்டும். மோட்டாரை நாம் அதற்கு எதிர்முகமாக வைக்கப் போகிறோம். ஆகவே மோட்டாரின் அச்சு நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடித்து ஓட்டினால், அது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். கடைக்காரரிடம் ஒரு 12 வோல்ட் பேட்டரி இருக்கும், தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பல வைப்பர் மோட்டார்களில் மோட்டாரின் உடம்பே நெகட்டிவ். அப்படிப்பட்ட மோட்டார் தப்புத் திசையில் சுற்றினால் வயரை மாற்றிச் சரி செய்யப் பார்க்காதீர்கள், உடம்பில் 12 வோல்ட் பாஸிட்டிவ் ஏறும், எஸ்எம்பிஎஸ் பெட்டியின் தகரமோ நெகட்டிவோடு சேர்ந்தது, இரண்டும் எங்காவது ஒட்டினால் ஷார்ட். பேசாமல் வேறு மோட்டார் மாற்றிக்கொள்ளுங்கள். உடம்பு தனியாக, இரண்டு வயரும் தனியாக வருகிற மோட்டார் என்றால் மாற்றிக் கொடுக்கலாம்.

மோட்டாரிலிருந்து நாலைந்து வயர் வரும். ஒன்று மெது வேகம், ஒன்று அதிக வேகம், மீதி வைப்பரை ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிற வேலைக்கு. நெகட்டிவைப் பிடித்துக்கொண்டு பாஸிட்டிவை ஒவ்வொன்றாகத் தொட்டால் இரண்டு வயரில் மோட்டார் ஓடும். அதில் மெதுவாக ஓடுவதுதான் நமக்கு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 சுற்று. மற்றதையெல்லாம் தனித்தனியாக டேப் சுற்றி மடக்கிவிடுங்கள். வேகமான வயரில் கொடுத்தால் சீக்கிரம் அரைபடுமே என்று ஆசை வரும். பலம் குறையும், வேண்டாம்.

பலகையில் நிறுத்துவது

காப்பி மிஷினை மாட்ட ஒரு மேசை ஓரம் வேண்டுமே, அதற்குப் பலகையிலிருந்தே ஒரு துண்டு வெட்டி, ஆங்கிள் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, மேலே குறுக்கே ஒரு கட்டை வைத்தேன். அந்தக் கட்டை ஓரத்தில் மிஷின் திருகப்படுகிறது. தூள் விழுகிற இடத்துக்குக் கீழே ஒரு கிண்ணம் நுழைகிற அளவு இடம் விடுங்கள்.

இனி அளவு எடுக்கிற வேலை. காப்பி மிஷின் அச்சின் நடு மையம் பலகையிலிருந்து எத்தனை உயரம் என்று ஸ்கேல் வைத்து எடுங்கள், எனக்கு 22 சென்டிமீட்டர் வந்தது. மோட்டார் அச்சின் மையமும் அதே உயரத்தில், நேர் எதிரே வர வேண்டும். மோட்டாரில் அச்சைச் சுற்றி மூன்று துளை இருக்கும், அதில் ரப்பர் புஷ்ஷைக் கழற்றாமல் ஆங்கிளோடு போல்ட்டு போடுங்கள். ரப்பர் இல்லாமல் இரும்போடு இரும்பை இறுக்கினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ‘என்னண்ணே, வீட்டுல மில்லு வச்சிட்டீங்களா?’ என்று கேட்கிற அளவு சத்தம் வரும். உயரம் இரண்டு மூன்று மி.மீ. முன்னே பின்னே இருந்தால் கவலை இல்லை, கடைசல் பட்டறைக்குப் போகாமலே வேலை முடியும்படிதான் அடுத்த விஷயத்தைச் செய்யப் போகிறோம்.

காப்பி மிஷினின் கைப்பிடிக் கட்டையை மட்டும் கழற்றிவிட்டு, நீளமான இரும்புக் கையை அப்படியே விட்டுவிடுங்கள். மோட்டாரிலும் ஒரு குட்டிக் கை இருக்கிறது, ஐந்து ஆறு சென்டிமீட்டர் நீளம், அதன் நுனியில் ஒரு குண்டு. குண்டைத் தட்டி எடுத்துவிட்டால் அங்கே ஒரு துளை கிடைக்கும், சின்னதாக இருந்தால் 8 மி.மீ. அளவுக்குத் துளைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துளையில் ஒரு முளையைச் செருகினால் அது எதிரே இருக்கும் காப்பி மிஷின் கையைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே சுற்றும். அவ்வளவுதான் இணைப்பு. வார்ப்பிரும்பில் துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம்.

முளைக்கு நான் முதலில் போட்டது இரும்பு போல்ட்டு. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. ஒரு நாள் மல்லி அரைக்கும்போது, மல்லியோடு மல்லியாக அதே நிறத்தில் ஒரு கல் உள்ளே போய், ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு மோட்டார் மட்டும் உறுமுகிறது, கை அசையவில்லை. திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் நாலு பல் காணோம். குமுளி வொர்க்‌ஷாப்பில் ஒரு சேட்டாவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, ‘எது உடையணும்னு நீங்க முடிவு பண்ணணும் சார், இல்லேன்னா மிஷின் முடிவு பண்ணிடும்’ என்றார். அன்றைக்கு வந்ததுதான் மூங்கில் யோசனை.

நன்றாகக் காய்ந்த மூங்கிலைப் பென்சிலை விடக் கொஞ்சம் தடிமனாக, 8 மி.மீ. வருகிற மாதிரி சீவி, துளையில் இறுக அடித்து, இரண்டு சென்டிமீட்டர் மட்டும் வெளியே நீட்டவிடுங்கள். அதன்மேல் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினால் தட்டுகிற சத்தம் அடங்கும். மிளகுக்கும் மல்லிக்கும் இந்த முளை தாங்குகிறது, கல் சிக்கினால் முளை முறிந்து மோட்டார் தப்பிக்கிறது. பத்து முளை சீவி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், இதுவரை மூன்றுதான் செலவு. காப்பி மிஷின் கை மேலே வந்து கீழே சரியும்போது தன் எடையில் முந்திக்கொண்டு போய் ‘லொட்’ என்று முட்டும், முளையையும் கையையும் சேர்த்து டியூப் வளையம் ஒன்றை மாட்டினால் அதுவும் சரியாகும்.

வயரிங்

முதலில் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். நமக்கு வேண்டியதெல்லாம் வெளியே தொங்குகிற வயர்களில் இருக்கிறது, அங்கே அதிகபட்சம் 12 வோல்ட்தான். பெட்டிக்கு எர்த் உள்ள மூன்று முள் பிளக் கட்டாயம், எர்த் இல்லாத பாயின்ட்டில் சொருகாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மஞ்சள் வயரெல்லாம் 12 வோல்ட், கறுப்பெல்லாம் நெகட்டிவ், சிவப்பு 5 வோல்ட். நாலு மஞ்சளை ஒன்றாக முறுக்கி, ஃபியூஸ் வழியாக மோட்டாரின் மெதுவேக வயருக்குக் கொடுங்கள். நாலு கறுப்பை முறுக்கி மோட்டாரின் நெகட்டிவுக்கு. ஒற்றை வயரில் கொடுத்தால் வயர் சூடாகும், அதனால்தான் நாலு.

பெரிய கனெக்டரில் ஒரே ஒரு பச்சை வயர் இருக்கும். அதை ஏதாவது ஒரு கறுப்போடு சேர்த்தால் பெட்டி ஓட ஆரம்பிக்கும், பிரித்தால் நிற்கும். இந்தப் பச்சை வயரில் ஓடுகிற கரண்ட் மிகமிகக் குறைவு, அதனால் சாதாரண காலிங் பெல் ஸ்விட்ச் தாங்கும். அமுக்கிப் பிடித்திருக்கும் வரை மிஷின் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். இந்த மொத்த வேலையிலும் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் ஸ்விட்ச்சை ஒரு கை அமுக்கிக்கொண்டிருந்தால் புனலுக்குள் விடுவதற்கு மிச்சம் ஒரு கைதான் இருக்கிறது, அந்தக் கையில் மிளகுக் கரண்டி இருக்கும். ஸ்விட்ச்சைப் புனலை விட்டுத் தள்ளி, பலகையின் மறுகோடியில் வையுங்கள்.

பழைய பெட்டிகள் சில 5 வோல்ட் பக்கம் எதுவும் ஓடாவிட்டால் கிளம்பி உடனே அணைந்துவிடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே அந்த இண்டிகேட்டர் பல்பைப் போடுங்கள், மங்கலாக எரியும், பெட்டியும் நிலையாக ஓடும். மீதி எல்லா வயர் நுனியையும் ஒவ்வொன்றாக டேப் சுற்றுங்கள், மொத்தமாகச் சேர்த்துச் சுற்றினால் உள்ளே ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும்.

அப்புறம் அந்தச் சுற்றுகிற கைகள் இரண்டுக்கும் மூடி போடாமல் ஓட்டாதீர்கள். கையால் சுற்றும்போது விரல் மாட்டினால் நாமே நிறுத்துவோம், மோட்டாருக்கு அது தெரியாது. வேகம் கம்மி என்று அலட்சியம் வேண்டாம், மெதுவாகச் சுற்றுகிற மிஷின்தான் முந்தானையையும் பின்னலையும் நிதானமாக இழுத்துக்கொள்ளும். ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து, பலகையில் திருகிவிட்டேன். புனலின் வாயிலும் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்து உயரமாக்கினேன், எங்கள் பாப்பாவின் விரல் எட்டாத உயரம்.

முதல் அரவை

மோட்டாரை மண்ணெண்ணெயில் துடைத்து எடுத்திருப்பீர்கள், ஆனாலும் அச்சுப் பக்கம் கிரீஸ் கசியும். மோட்டாருக்கும் காப்பி மிஷினுக்கும் நடுவே ஒரு தகரத் துண்டைத் தடுப்பாக வையுங்கள். காப்பி மிஷினை மட்டும் தண்ணீரில் கழுவாதீர்கள், துரு ஏறும். இரண்டு கை பச்சரிசி போட்டு அரையுங்கள். முதலில் சாம்பல் நிறத்தில் மாவு வரும், அதைக் கொட்டிவிட்டு இன்னும் இரண்டு கை. மாவு வெள்ளையாக வரும் வரை அரைத்தால் மிஷின் சுத்தம். எனக்கு நாலு ஈடு ஆனது.

அளவு நட்டைப் பல்லோடு பல் உரசிக் ‘கிறீச்’ என்கிற வரை திருகி, அங்கிருந்து கால் சுற்று பின்னுக்கு வாருங்கள். மிளகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பல்லில் வைத்துக் கடித்தால் சட்டென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் பாக்கி. சல்லடையில் சலித்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை ஒரு தடவை மேலே ஓட்டுங்கள். சாக்கிலிருந்து வருகிற ஆணியும் ஊசியும் ஒட்டிக்கொள்ளும். வறுத்து அரைப்பதானால் முழுக்க ஆறவிடுங்கள், சூடாகப் போட்டால் ஈரம் விட்டு உள்ளே பசையாக அப்பிக்கொள்ளும்.

ஸ்விட்ச்சை அமுக்கி, மிஷின் வெறுமனே இரண்டு சுற்று ஓடிய பிறகுதான் மிளகைப் போடுங்கள். நிறைந்த புனலோடு கிளப்பினால் முதல் இழுப்பிலேயே பெட்டி அணையும். அப்படி அணைந்தால் பிளக்கை எடுத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள், பிழைத்துக்கொள்ளும். நூறு கிராம் மிளகு எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிகிறது. விழுகிற தூளைக் கையில் வாங்கிப் பார்த்தேன், இளஞ்சூடு கூட இல்லை. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் வாசம் தெரிகிறது, வீடு முழுக்க அடிக்கவில்லை. அதுதானே வேண்டியது. 150 கிராமுக்கு ஒரு முறை மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடு என்றால் கால் மணி நேரம் ஓய்வு.

நைசாக வேண்டுமானால் ஒரே அடியில் இறுக்காமல் இரண்டு தடவை ஓட்டுங்கள், முதலில் ஒன்றிரண்டாக, பிறகு நட்டை இறுக்கி இன்னொரு தடவை. ரசத்துக்கு எனக்கு முதல் அரவையே பிடிக்கும்.

எது ஆகும், எது ஆகாது

மிளகு, மல்லி, சீரகம், சோம்பு, வெந்தயம் எல்லாம் ராஜாவாக அரைபடும். பட்டையை விரல் நகம் அளவுக்கு உடைத்துப் போடுங்கள். சுக்கையும் விரலி மஞ்சளையும் அப்படியே போட்டால் மூங்கில் முளைதான் செலவாகும். உரலில் இடித்து மிளகு அளவாக்கிவிட்டுத் தாருங்கள், அப்போதும் மஞ்சள் சந்தேகம்தான், நான் மில்லுக்கே அனுப்பிவிடுகிறேன். ஜாதிக்காய்க்குத் துருவல் போதும். மிளகாய் வத்தல், தோல் மாதிரி வளையும், நொறுங்கக் காயாவிட்டால் பல்லில் சுற்றிக்கொண்டு நிற்கும், காய்ந்தாலும் தூள் பறந்து கண்ணைப் பதம் பார்க்கும்.

ஏலக்காயும் கிராம்பும் எண்ணெய்ப் பார்ட்டிகள். தனியாகப் போட்டால் பல் இடுக்கில் மெழுகு மாதிரி படியும். ஏலக்காயைத் தோல் உரித்து விதையை மட்டும் எடுத்து, ஒரு கரண்டி விதைக்கு இரண்டு கரண்டி சீனி சேர்த்து ஓட்டுங்கள், சீனி எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு பொலபொலவென்று விழும். தேநீருக்கு அப்படியே அரைக்கரண்டி போடலாம். கிராம்பை மல்லியோடு கலந்து அரைத்துவிடுவது உத்தமம்.

ஒவ்வொரு தடவையும் முடிந்தபின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பல்லைத் தட்டி, ஒரு கை பச்சரிசியை ஓட்டி எடுங்கள். மிளகுக்குப் பிறகு வருகிற அந்த அரிசி மாவைக் கொட்டிவிடாதீர்கள், ரவா தோசையில் கலந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் இன்னொன்று கேட்பார்கள். ஏலக்காயை மட்டும் வரிசையில் முதலில் அரைத்துவிடுங்கள். நான் மிளகுக்கும் சீரகத்துக்கும் அடுத்து அரைத்த ஏலக்காயில் பாயசம் வைத்தோம், ஓணத்துக்கு வந்திருந்த மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, ‘இது ரசமாடா?’ என்று கேட்டார்.